கோமதி அக்காவின் வெந்நீர்க் கோப்பை

செய்தி வந்தபோது நான் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். கன்னாட் பிளேஸில் ஒரு வேலையை முடித்துவிட்டு துவாரகா வண்டியில் ஏறியிருந்தேன். ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் கைபேசி அடித்தது. கீழ் வீட்டு ஆவுடையப்பன் சார், கோமதி அக்காவின் கணவர். பகலில் அவர் என்னை அழைப்பதே இல்லை. "தம்பி, கோமதி போயிட்டா" என்றார். நான் எங்கே போனார் என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? "காலைல நெஞ்சு அடைக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். "அங்கிள், டீக் ஹோ?" என்று நலம் கேட்டாள். நான் தலையாட்டினேன். துவாரகா வரும்வரை அழுதுகொண்டே வந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இதை நான் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த உங்களுக்காக. கண்ணை மூடிக்கொண்டு தேநீர்க் கோப்பையை முகர்ந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவரை நான் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வாரநாட்களில் அதே மேசையில் எனக்கும் அவருக்கும் நடந்த ஒரு காரியம் உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன்.

முதலில் பகையிலிருந்து தொடங்குகிறேன். சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு ஓய்வுபெற்ற குமாஸ்தாவாக நான் துவாரகாவுக்கு வந்தபோது, என்னிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டே விஷயங்கள் இருந்தன. ஒன்று என் மகள் கவிதா. மற்றொன்று நான் போடும் காபி. என் மனைவி இருந்த காலத்திலேயே எங்கள் வீட்டில் டிகாக்ஷன் என் பொறுப்புதான். குடிவந்த வாரத்தில் கீழ் வீட்டு அம்மாள் என்னைப் பார்க்க வந்தார். வெளுத்த பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. நான் என் வித்தையை எல்லாம் காட்டி ஒரு டம்ளர் காபியை நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். "தப்பா நினைக்காதிய. எனக்குக் கொஞ்சம் வெந்நீர் மட்டும் தாங்க" என்றார். பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, தேயிலையைக் கிள்ளி அந்த வெந்நீரில் போட்டு, தட்டால் மூடிவிட்டு, ஊர் என்ன, பேர் என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தார். திருநெல்வேலிக்காரர்கள் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். நான் திருச்சிப் பக்கம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்தவர் வீட்டுக்கு வந்து சொந்தத் தேயிலையைக் குடித்துவிட்டுப் போகிற விருந்தாளியை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகுதான் தெரிந்தது, அவர் கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான் போவார் என்று. டீ பேக் என்று யாராவது சொன்னால் போதும், முகம் சுருங்கிவிடும். "இலையை அரைச்சு, துணியில கட்டி, கழுத்துல நூலும் மாட்டி விட்டா அது என்ன செய்யும் பாவம்" என்பார். ஏலக்காய், இஞ்சி, பால், சீனி எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்த தேநீரை அவர் வெறுக்கவில்லை. அதைப் பாயசக் கணக்கில் வைத்திருந்தார். "பால் ஊத்திட்டா எல்லாத் தேயிலையும் ஒரே சாடை. எது யாருன்னு அடையாளம் தெரியாது" என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தப் பழக்கம் அவருக்குச் சிலிகுரியில் வந்தது. ஆவுடையப்பன் சார் பொதுத்துறையில் பொறியாளர். புதிதாகக் கல்யாணமான கையோடு அங்கே மாற்றலாகிப் போனார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வங்காளத்து அம்மாள். முதல்நாள் அவர் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பால் இல்லாமல், சீனி இல்லாமல், பொன்னிறத்தில் ஒரு கோப்பை தேநீர் கொடுத்திருக்கிறார். அக்கா அதை இந்த மேசையிலேயே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். "பாலுக்குக்கூட வழியில்லாத வீடு போலன்னு எனக்கு மனசு கேக்கல தம்பி. மறுநாள் காலைல ஒரு சொம்பு பால் கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த அம்மா என்னையும் சொம்பையும் மாத்தி மாத்திப் பாக்கா." அந்த வங்காளத்து அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பாலை வாங்கி ரசகுல்லா செய்து திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் இரண்டு பேரும் தினமும் மாலையில் மலையிலிருந்து வரும் தேயிலையையும் சமவெளியில் விளையும் தேயிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்திருக்கிறார்கள். அக்காவின் படிப்பு அவ்வளவுதான். பட்டமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது.

"ஒத்தக் கோப்பை ஊமை. பக்கத்துல இன்னொண்ணு வச்சாத்தான் வாயைத் திறக்கும்." இதை அவர் சொல்லிக் கேட்காதவர் நம்மில் இருக்க முடியாது. அதனால்தான் அந்த மேசையில் எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்பைகள். எல்லாம் ஒரே அளவு வெள்ளைக் கோப்பைகள். ஒரே கரண்டி, ஒரே தண்ணீர், ஒரே நேரம். ஒன்றில் டார்ஜிலிங், ஒன்றில் நீலகிரி. இல்லையென்றால் ஒன்றில் மல்லிகை ஏற்றிய பச்சைத் தேயிலை, ஒன்றில் எலுமிச்சம்புல், ஒன்றில் விறகுப் புகையில் வாட்டிய கறுப்புத் தேயிலை. மூடியைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முகர வேண்டும். அதன் பிறகுதான் குடிக்கலாம். குடிக்கும்போது சத்தம் வர உறிஞ்ச வேண்டும். நம் வீடுகளில் குழந்தைகளை அதட்டித் திருத்திய பழக்கத்தை அக்கா எங்களுக்கு அதட்டிக் கற்றுக்கொடுத்தார். நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லக் கூடாது. "நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு நான் கேக்கல. எது மாதிரி இருக்குன்னு சொல்லுங்க" என்பார். ஈர மண், பச்சைப் பட்டாணித் தோல், பழைய மரப்பெட்டி, மாம்பூ என்று நாம் உளறியதையெல்லாம் அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொள்வார்.

அந்தக் கோப்பைகளில் ஒன்று எப்போதும் வெறும் வெந்நீர். எது என்று யாருக்கும் தெரியாது. இந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் என் எதிர்வீட்டு சுனிதாஜி. அவரே இதைச் சொல்லச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். ஒரு ஞாயிறன்று அக்கா அவசரத்தில் ஒரு கோப்பையில் இலை போட மறந்துவிட்டார். சுனிதாஜி கண்ணை மூடி அதை நீளமாக முகர்ந்துவிட்டு, "வாஹ்! குலாப் கி குஷ்பூ! ஏக்தம் குலாப்!" என்றார். ரோஜா மணக்கிறதாம். கண்ணைத் திறந்து கோப்பைக்குள் பார்த்தவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. அன்றிலிருந்து அக்கா வேண்டுமென்றே ஒரு கோப்பையை வெந்நீராக வைத்தார். அது இருந்தால்தான் எல்லோரும் யோக்கியமாக இருப்பார்கள் என்று அவர் நினைத்தார். அவர் நினைத்தது சரி.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒரு குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது எல்லோருக்கும் வந்துகொண்டிருந்ததுதான். காய்ச்சல் போனது, போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. முதலில் எதுவுமே மணக்கவில்லை. சில வாரம் கழித்து ஒரே ஒரு வாசனை திரும்பி வந்தது. அது காபி. ஆனால் அது காபியாக வரவில்லை, தீய்ந்த ரப்பராக வந்தது. என் வாழ்நாள் பெருமை என் கையிலேயே நாறியது. பில்டரை எடுத்துப் பரணில் போட்டேன். கசப்பு, துவர்ப்பு, உப்பு, உறைப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். ஆனால் சாம்பாரும் ரசமும் சூடான தண்ணீரில் கலந்த உப்பும் புளியுமாகத்தான் இருந்தன. சாப்பிடுவது ஒரு வேலை ஆகிவிட்டது. டாக்டர் பொறுமையாக இருக்கச் சொன்னார். தினமும் சில வாசனைகளை நினைவோடு முகர்ந்து பழகுங்கள், வந்தாலும் வரலாம் என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் காலையில் ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வீடு முழுக்கக் கேஸ் பரவியது எனக்குத் தெரியவே இல்லை. சத்தியநாராயண பூஜைப் பிரசாதம் கொடுக்க வந்த சுனிதாஜி வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாய்சாப், கேஸ்! கேஸ்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடிக் குமிழைத் திருகினார். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். நான் அப்போதும் ஒன்றும் புரியாமல் பேப்பரோடு நின்றேன். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

சங்கதி பெங்களூரில் இருக்கும் கவிதாவுக்குப் போய்விட்டது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண், கோபம் வந்தால் மூன்று பாஷையும் சேர்ந்து வரும். "அப்பா, ஜித் பண்ணாதீங்க. கேஸ் ஸ்மெல் தெரியாம எப்படித் தனியா இருப்பீங்க? பஸ், போதும், நான் முடிவு பண்ணிட்டேன். மே மாசம் வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன். ஃப்ளாட்ட கிராயாவுக்கு விட்டுடலாம்." அடம் பிடிக்காமல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டுமாம். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அங்கே எனக்கு ஒரு அறை உண்டு. மாப்பிள்ளை தங்கமான மனிதர். பேரன் என் மேல் ஏறி விளையாடுவான். ஆனாலும் எனக்குப் போக மனமில்லை. எப்போது விளக்கை அணைப்பது, எப்போது குழம்பு வைப்பது, யாரை வீட்டுக்குள் விடுவது என்பதை எல்லாம் நானே தீர்மானிக்கும் ஒரு வீடு எனக்கு வேண்டும். இதை மகளிடம் சொன்னால் அவள் மனம் புண்படும். சொல்லாவிட்டால் மே மாதம் வந்துவிடும்.

அக்காவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஆறுதல் சொல்லும் ஜாதி இல்லை. "டாக்டர் வாசனை பழகச் சொன்னாருல்லா? எங்கிட்ட இருக்கது பூரா வாசனைதான். தினம் நாலு மணிக்கு வாங்க" என்றார். "ஞாயித்துக்கிழமைக் கூட்டம் வேற, இது வேற. இதுல சிரிப்பு கிடையாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் நாலு மணிக்கு ஒரு மாடி இறங்குவேன். மேசையில் கோப்பைகள் தயாராக இருக்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். குடித்தால் துவர்ப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எனக்கு முகர்வது மட்டும்தான், குடிப்பதெல்லாம் பிறகு. ஒவ்வொரு கோப்பையாக என் மூக்கடியில் நீட்டி, "என்ன தெரியுது?" என்பார். ஒன்றும் தெரியாது. ஆவி மட்டும் முகத்தில் படும். இவ்வளவு சிரமப்படுகிறாரே என்ற கூச்சத்தில் ஒருநாள், "இஞ்சி போல இருக்கு அக்கா" என்றேன். கண்ணைத் திறந்தேன். வெந்நீர்க் கோப்பை. அவர் சிரிக்கவில்லை.

"எனக்காகச் சொல்லாதிய தம்பி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுல என்ன குறைச்சல்? நீங்க பொய் சொன்னா உங்க மூக்கு எங்க நிக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு பல நாள் நான் சொன்ன ஒரே வார்த்தை தெரியலை என்பதுதான். ஆபீசில் முப்பத்துச் சொச்சம் வருஷம் எந்த ஃபைலைக் கேட்டாலும் தெரியும் சார் என்று சொல்லியே பிழைத்தவன் நான். தெரியலை என்று வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கற்றேன். ஒவ்வொரு தடவையும் அக்கா அந்தக் கோப்பையில் இருப்பதை எனக்கு விவரித்துச் சொல்வார். "இது மல்லிகை. கட்டின பூ இல்ல, செடியில இருக்க பூ. சாயங்காலம் தண்ணி விட்ட பெறவு வருமே, அந்த வாசனை. நினைச்சுக்கிட்டே இழுங்க." நான் நினைத்துக்கொண்டே இழுப்பேன். நினைவில் மல்லிகை வரும், மூக்கில் ஆவி வரும். இரண்டும் சந்திக்காமல் திரும்பிப் போகும். வீட்டுக்கு வந்து, எதற்கு இந்த வீண் வேலை என்று சலித்துக்கொள்வேன். மறுநாள் நாலு மணிக்குக் கால் தானாகப் படியிறங்கும்.

ஆவுடையப்பன் சார் இதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இன்றுவரை காபிக் கட்சி. "சண்முகம், இந்தப் பரீட்சையில பாஸாயிட்டா அவ உம்மை விடவே மாட்டா. பாத்துக்கிடும்" என்பார். அக்கா உள்ளே இருந்தே, "அவியளுக்கு என்ன, பொடியைப் போட்டுக் கலக்கிக் குடிக்கிற கூட்டம்" என்று பதில் கொடுப்பார். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி வாழ்ந்தவர்கள். அவருக்குக் காபிப் பொடி தீர்ந்துபோவதற்குள் புதுப் பொடி வாங்கி வைத்தது அக்காதான் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

குளிர் விட்டு, ஹோலியும் முடிந்து, மின்விசிறி போட ஆரம்பித்த நாட்கள். வழக்கம்போல ஒரு கோப்பை வந்தது. தெரியலை என்றேன். அடுத்தது வந்தது. ஏதோ இருந்தது. என்ன என்று சொல்ல முடியவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடுவது மாதிரி. அதையே சொன்னேன். அக்கா மூன்றாவது கோப்பையை நீட்டினார். நான் முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன்.

"இதில ஒண்ணும் இல்லை அக்கா."

"சரியாச் சொல்லுங்க. கோப்பையிலயா, மூக்கிலயா?"

"கோப்பையில."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அக்கா உட்கார்ந்திருந்தார். அந்த வெந்நீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்தான் இதில் இல்லை என்று சொல்ல முடியும். அதை அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "நல்லா இருக்கு தம்பி" என்றார். அவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்று ஒருநாள்தான். அன்று இரண்டு பேரும் வழக்கத்தைவிட நிறையத் தேநீர் குடித்தோம்.

மே மாதம் கவிதா வந்தாள். வந்ததும் பெட்டிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். மூக்கு வந்துகொண்டிருக்கிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அக்காதான் அவளைக் கீழே கூப்பிட்டு, "நீயே உக்காந்து பாத்துக்கோ" என்றார். எனக்குள் ஒரு தைரியம். அக்கா எப்படியும் நமக்குச் சாதகமாக எளிய கோப்பைகளாக வைப்பார், தடுமாறினால் ஒரு செருமலாவது செருமுவார் என்று நினைத்தேன். இத்தனை நாள் பழகியும் அவரை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

கண்ணை மூடினேன். முதல் கோப்பை. "புகை. சாம்பிராணி போட்ட வீடு மாதிரி" என்றேன். இரண்டாவது கோப்பை. ஒன்றுமில்லாத மாதிரியும் இருந்தது, ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது. வெந்நீர் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அந்தப் பதிலில் என் வீடு தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா செருமுவாரா என்று காதைத் தீட்டினேன். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

"தெரியலை" என்றேன்.

மூன்றாவது கோப்பையில் ஒன்றும் இல்லை, கோப்பையில்தான் இல்லை என்றேன். நான்காவதில் பூ, என்ன பூ என்று தெரியவில்லை என்றேன். கண்ணைத் திறந்தபோது கவிதாவின் கண் கலங்கியிருந்தது. இரண்டாவது கோப்பையில் இருந்தது ஏலக்காய். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவளுக்கே தூக்கலாக வந்துகொண்டிருந்த ஏலக்காய்.

"ஆன்ட்டி, இவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு, அப்பாவுக்குத் தெரியல. பாதிதான் வந்திருக்கு" என்றாள்.

"ஆமா, பாதிதான்" என்றார் அக்கா. "ஆனா உங்கப்பா தெரியாததைத் தெரியும்னு சொன்னாரா பாத்தியா? கேஸ் அடுப்புக்கு அதுதான்ம்மா முக்கியம். மூக்கு முழுசா இருக்கவன் குமிழைத் திருகிட்டுத் திரும்பிப் பாக்காமப் போவான். தெரியலைன்னு தெரிஞ்சவன் ரெண்டு தடவை பாப்பான். நீ ஒரு கேஸ் அலாரம் வாங்கி மாட்டு. கரண்ட் அடுப்பு ஒண்ணு வாங்கிக் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

கவிதா அந்த ஏலக்காய்த் தேநீரை எடுத்து முழுக்கக் குடித்தாள். மாலையில் பெட்டிகளிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். அலாரமும் கரண்ட் அடுப்பும் அந்த வாரமே வந்தன. அன்று அக்கா எனக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் என் மகள் அதை நம்பியிருக்க மாட்டாள். அவர் என்னைப் பாதிதான் என்று சொன்னதால்தான் மீதியை நம்பினாள்.

அப்போதிலிருந்து அக்கா சொன்னபடி பார்த்துக்கொண்டார். காலையில் பால்காரர் வந்துபோகும் நேரத்துக்கு ஒரு போன். சாயங்காலம் நாலு மணிக்குக் கோப்பைகள். என் மூக்கு மெல்ல மெல்ல, அரசாங்கக் கோப்பு நகரும் வேகத்தில், முன்னேறியது. மல்லிகை ஒருநாள் மல்லிகையாகவே வந்தது. எலுமிச்சம்புல் வந்தது. மண்வாசனையும், மழைக்கு முன்னால் டெல்லியில் அடிக்கும் அந்தப் புழுதி வாசனையும் வந்தன. ஏலக்காய் மட்டும் இன்றுவரை வரவில்லை. "அதுக்கு உங்க மேல என்ன கோவமோ" என்பார் அக்கா. காபி ரப்பராக நாறுவது நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் நான் கட்சி மாறியிருந்தேன். ஆவுடையப்பன் சார் என்னைத் துரோகி என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா போவதற்கு முந்தின ஞாயிறு, உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். ஒரே தோட்டத்தின் இரண்டு பறிப்புகளை வைத்திருந்தார். ஒன்று வசந்தகாலம், ஒன்று மழைக்குப் பின். சுனிதாஜி இரண்டையும் உறிஞ்சிவிட்டு ஒன்று கன்னிப்பெண், மற்றொன்று அவளுடைய மாமியார் என்றார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைவிடச் சரியா யாரும் சொல்ல முடியாது" என்றார். அதுதான் நான் பார்த்த அவர் கடைசிச் சிரிப்பு. நல்ல சிரிப்பு. அவரைப் பற்றி நினைக்கும்போது நீங்களும் அதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

காரியங்கள் முடிந்து, திருநெல்வேலியிலிருந்து வந்த சொந்தங்கள் எல்லாம் வண்டியேறிப் போன பிறகு ஒருநாள் பிற்பகல் கவிதா போன் செய்தாள். அவளும் அக்காவுக்காக அழுதவள்தான். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "அப்பா, ஆன்ட்டி இருந்த வரைக்கும் எனக்கு டென்ஷன் இல்ல. இப்போ கீழ யாரு இருக்கா சொல்லுங்க? உங்களை யாரு பாத்துப்பாங்க?" தெரியலை என்றுதான் சொல்லப்போனேன். அந்த நேரத்தில் ஒரு வாசனை வந்தது.

தீய்ந்த வாசனை. எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. பழைய ரப்பர் திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன். நின்று, கண்ணை மூடி, மறுபடி இழுத்தேன். மூக்கில் இல்லை, வெளியில் இருந்தது. பால் தீய்கிறது. என் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. பால்கனிக்குப் போனேன். கீழிருந்து வந்தது. "ஒரு நிமிஷம் இரும்மா" என்று போனைக் கையில் பிடித்தபடியே படியிறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே புகை. பாத்திரம் கறுத்து, அடியில் சிவந்திருந்தது. பக்கத்தில் தொங்கிய கைத்துணியின் ஓரம் கருக ஆரம்பித்திருந்தது. அடுப்பை அணைத்தேன். துணியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தேன். ஆவுடையப்பன் சார் கூடத்து நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். காபிக்குப் பால் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரவெல்லாம் விழித்திருக்கும் மனிதருக்குப் பகலில் கண் அசந்துவிட்டது. அவர் தோளைத் தொட்டேன். விழித்துப் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியவே இல்ல, சண்முகம்" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சுது சார்" என்றேன். இரண்டு கிழவர்களும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகுதான் கையில் போன் இருப்பது நினைவுக்கு வந்தது. கவிதா வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"கீழ யாரு இருக்கான்னு கேட்டியேம்மா" என்றேன். "கீழ சார் இருக்கார். அவருக்கு மேல நான் இருக்கேன்."

அவள் அதன் பிறகு பெங்களூர்ப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது காலையில் கீழே போன் செய்வது நான். சாருக்குக் காபி போட்டுக் கொடுப்பதும் நான்தான். பரணில் கிடந்த பில்டரை இறக்கிவிட்டேன். ஞாயிறு நாலு மணிக்கு அக்காவின் மேசையில் கோப்பைகள் இருக்கும், நீங்கள் வழக்கம்போல வரலாம்.

அக்கா என்னிடம் விட்டுப்போனது, தெரியலை என்று கூசாமல் சொல்ல ஒரு வாயும், பாதி மூக்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்காரரை நான் பார்த்துக்கொள்வேன். நன்றி அக்கா.